டோமுவுக்குப் பின்னால் இருந்த கடல்

நவம்பர் 3, சாலிகிராமம்

இன்றிலிருந்து நான் பேசக் கூடாது. டாக்டர் மிருணாளினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம்; சாதாரணமாகப் பேசுவதைவிட அது கெடுதலாம். தவிர்க்கவே முடியாவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை.

வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன். கடைக்காரரிடம் விரலால் காட்டினேன். "என்னக்கா, மௌன விரதமா?" என்றார். தலையாட்டி வைத்தேன்.

28ஆம் தேதி காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

நவம்பர் 4

சவுண்ட் இன்ஜினியர் மாசிலாமணி செய்தி அனுப்பியிருந்தார். "அக்கா, பதினோரு வருஷம் கழிச்சு டோமு புது சீசன் வருது. ஜனவரியில டப்பிங். டோமுன்னா நீங்கதான், தேதி சொல்லுங்க."

முப்பது வருடமாக டப்பிங் பேசுகிறேன். கதாநாயகிகளின் தோழிகள், சீரியல் நாத்தனார்கள் என்று பேசியதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. டோமுவை மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஜப்பான் கார்ட்டூன். துறைமுக ஊரில் இருக்கும் பத்து வயதுப் பையன். அவனுடைய அம்மா கப்பலில் சமையல் வேலை பார்ப்பவள். கப்பல் வரும் நாளில் மலைப் படிக்கட்டில் ஏறி நின்று "அம்மா!" என்று ஊரே கேட்கும்படி கத்துவான். ஒன்பது வருடம், தினமும் மாலை நாலரை மணிக்கு, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கேட்ட அந்தக் கத்தல் என்னுடையது. இப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது.

மாசிலாமணிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.

நவம்பர் 6

பெட்டி கட்டியாயிற்று. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய். மகன் திலீபன் ஒசாகாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். லீவு போட்டு, டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டான். இந்த நேரத்தில் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். பிரயாணம் போகலாமா என்று டாக்டரிடம் எழுதிக் காட்டினேன். "தாராளமா போங்க, வாயத் தொறக்காம" என்றார்.

நவம்பர் 8, ஒசாகா

விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். இளைத்திருக்கிறான்.

"ஃப்ளைட்ல தூங்குனியாம்மா?"

கையில் வைத்திருந்த சின்ன அட்டையில் எழுதிக் காட்டினேன்: 'தொண்டைக் கட்டு. பேசக் கூடாது.'

படித்துவிட்டுச் சிரித்தான். "இங்கயுமா?" என்றான்.

அதற்குப் பிறகு ரயிலில் அதிகம் பேசவில்லை. அலுப்பாக இருந்திருக்கும்.

நவம்பர் 9

அவன் வீடு ஒரே அறை. துணி துவைக்கும் இயந்திரத்தில் எல்லா எழுத்தும் ஜப்பானிய மொழி. தெரிந்த மாதிரி ஒரு பொத்தானை அழுத்தினேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. ரசம் வைத்தேன். மூன்று தட்டு சாப்பிட்டான்.

"நாளன்னிக்கு ஒரு ஊருக்குப் போறோம். எந்த ஊருன்னு கேக்காத. கேக்க மாட்ட, தெரியும்."

நவம்பர் 11, ஷிராகுரா

புல்லட் ரயில், அதிலிருந்து இறங்கி ஒரு மணி நேரப் பேருந்து. இறங்கியதும் மீன் காயும் வாசனை. சின்னத் துறைமுகம், பின்னால் மலை, மலையில் அடுக்கடுக்காக ஓட்டு வீடுகள். எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

திலீபன் கைபேசியை உயர்த்திப் பிடித்தான். திரையில் டோமு ஒரு தபால்பெட்டி மேல் சாய்ந்து நிற்கிறான். திரையை விலக்கினான். அதே தபால்பெட்டி. அதே வளைந்த மின்கம்பம். சந்தின் கடைசியில் தொங்கும் மீன் வலைகூட அதே.

"டோமு ஊரும்மா! படம் வரஞ்சவங்க இந்த ஊருக்கு வந்து தங்கிப் பாத்து, அப்படியே வரஞ்சாங்களாம்."

எங்களைப் போல இன்னும் நாலைந்து பேர் அதே மூலையில் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள். ஒருவர் நேரம் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் தள்ளி நின்று காத்திருக்கிறார்கள். பஸ் நிலையத்தில் வரைபடம் தருகிறார்கள், இருபத்தேழு இடங்கள் எண் போட்டு. திலீபனுக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

"இங்கதான் சைக்கிள்லேர்ந்து விழுவான். அந்தச் சந்துக்குள்ள நாய் தொரத்தும். இந்த ஜன்னல்ல எப்பவும் ஒரு சிவப்பு ஜாடி இருக்கும், பாரு, நெசமாவே இருக்கு! ஞாபகம் இருக்கா?"

இல்லை. எதுவும் ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது. அட்டையில் எழுதினேன்: 'நான் அவன் வாயை மட்டும்தான் பார்த்தேன்.'

அதுதான் உண்மை. டப்பிங்கில் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைத்தான் பார்ப்போம். கொஞ்சம் கண்ணை விலக்கினால் வார்த்தை பிந்திவிடும். ஒன்பது வருடம் அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு கடல் இருந்ததைக் கவனிக்கவில்லை.

திலீபன் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி வா, ஏழாம் நம்பர் பாக்கலாம்" என்றான்.

நவம்பர் 12

காலையில் நன்றாகத்தான் தொடங்கியது. விடுதியில் கொடுத்த சாதத்தோடு நார்த்தங்காய். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டில் தக்காளி போலிருக்கும் சீமைப் பனிச்சைப் பழங்களைத் தோலுரித்து, மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு ஒரு தேநீர்க் கடைக்குப் போனோம். கதையில் டோமுவின் சித்தி நடத்தும் கடை. நிஜத்தில் நடத்துபவர் நிஷியாமா என்ற அம்மா, என் வயதுதான் இருக்கும். சுவர் முழுக்க டோமு படங்கள். வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போவதற்கு ஒரு தடித்த நோட்டு வேறு. திலீபன் அவரிடம் என்னைக் காட்டி ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னான். அந்த அம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். கடையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பதியும் எழுந்துவிட்டார்கள்.

"நீ டோமுவோட தமிழ்க் குரல்னு சொன்னேம்மா. ஒரே ஒரு வார்த்தை கேக்கணுமாம். எதாவது சொல்லேன்."

தலையை அசைத்தேன்.

"ஒரு வார்த்தைம்மா. 'அம்மா'ன்னு மட்டும்."

டோமுவின் குரல் சாதாரணமாக வருவது இல்லை. தொண்டையை இறுக்கி மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் இப்போது சதை வளர்ந்திருக்கிறது. அதையெல்லாம் அட்டையில் எழுத முடியுமா? தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டேன். நிஷியாமா அம்மா புரிந்துகொண்ட மாதிரி சிரித்தார். திலீபன் சிரிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் படிக்கட்டு ஏறினோம். டோமு கத்தும் படிக்கட்டு. நூற்று நாற்பது படிகள். மேலே போனதும் கடல் முழுவதும் தெரிந்தது. தீவுகளுக்கு நடுவே ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. மூச்சு வாங்க நின்றேன்.

"யாருக்கும் வேணாம்மா, எனக்காக ஒண்ணு சொல்லேன்" என்றான். "இங்க நின்னு. நான் ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

உதட்டில் விரலை வைத்தேன். அது பழக்கம். யோசித்துச் செய்யவில்லை.

அவன் முகம் மாறிவிட்டது.

"இத பண்ணாத. இத மட்டும் பண்ணாத. சின்ன வயசுலேர்ந்து இதத்தான் பாத்துட்டிருக்கேன். ஸ்கூல்ல நடந்தத சொல்ல வந்தா விரலு. பசிக்குதுன்னா விரலு. நாளைக்கு ரெக்கார்டிங் இருக்கு, தொண்டைய காப்பாத்தணும். டிவில பேசுவ, ஊருக்கெல்லாம் பேசுவ, வீட்ல பேச மாட்ட. மூணு வருஷம் கழிச்சு பாக்க வந்துருக்க, இங்க வந்தும் பேச மாட்ட."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனான்.

அவன் அப்பா போனபோது அவனுக்கு நாலு வயது. எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது இந்தத் தொண்டைதான். அதைக் காப்பாற்றாமல் எப்படி? ஆனால் அவன் சொன்னது எதுவும் பொய் இல்லை.

பின்னாலேயே இறங்கினேன். பாதியில் வழி மூன்றாகப் பிரிந்தது. எதில் ஏறி வந்தோம் என்று தெரியவில்லை. ஒன்றில் போனேன், யாரோ வீட்டுத் தோட்டத்தில் முடிந்தது. திரும்பி வந்து இன்னொன்றில் போனேன். எல்லாச் சுவர்களும் ஒன்று போலவே இருந்தன. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இந்த நாட்டில் என் கைபேசிக்கு அவனுடைய கைபேசியிலிருந்துதான் இன்டர்நெட்; பக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியது. தூறலும் பிடித்துக்கொண்டது.

அரை மணி நேரம் சுற்றியிருப்பேன். ஒரு திருப்பத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரலில் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை. அதுவும் காற்று.

பிறகு நான் தொண்டையை மேலே தூக்கினேன்.

"திலீபா!"

மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பத்து வயதுப் பையனின் குரல். ஒன்பது வருடத்தில் எத்தனையோ பெயர்களை அந்தக் குரலில் கூப்பிட்டிருக்கிறேன். என் மகனை அந்தக் குரலில் கூப்பிட்டதே இல்லை.

"திலீபா! டேய், திலீபா!"

எங்கோ நாய் குரைத்தது. கீழே தடதடவென்று ஓடிவரும் சத்தம். "அங்கயே நில்லும்மா! வந்துட்டேன், அங்கயே நில்லு!"

நனைந்துபோய் வந்து நின்றான். அவனும் என்னைத் தேடி அதே சந்துகளில்தான் ஓடியிருக்கிறான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். எனக்கு இருமல் வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தேன். மறைப்பதற்குள் பார்த்துவிட்டான். கொஞ்சம்தான் சிவப்பு.

விடுதிக்கு வந்ததும் பெட்டியின் அடியிலிருந்து டாக்டரின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான்.

"இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன். எடுத்து டெஸ்டுக்கு அனுப்பப் போறாங்க. என்கிட்ட ஏம்மா சொல்லல?"

'வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய்.'

"வருவேன்தான்."

'அதனால்தான்.'

"தொண்டைக் கட்டுன்னு எழுதிக் காட்டுற. நான் பாட்டுக்கு மலை மேல நின்னு..." முடிக்கவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டே, "அப்ப ஏன் கத்துன? யார் வீட்டுக் கதவயாவது தட்டியிருக்கலாமே. என் பேர எழுதிக் காட்டியிருக்கலாமே" என்றான்.

இருக்கலாம். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அவனுடைய ஈரக் காலுறைகளை ஹீட்டர் பக்கத்தில் காயப்போட்டேன். காலையில் காய்ந்திருக்கும்.

நவம்பர் 13

குரல் சுத்தமாக இல்லை. காற்றுகூட ஒழுங்காக வரவில்லை. திலீபன் டாக்டரிடம் போனில் பேசினான். திட்டு வாங்கினான். நான் வாங்க வேண்டிய திட்டு.

திரும்பவும் நிஷியாமா அம்மாவின் கடை. அவன்தான் கூட்டிப்போனான். நேற்று ஏன் பேசவில்லை என்பதை அவரிடம் சொன்னான். அந்த அம்மா உள்ளே போய், ஏதோ பழத்தைத் தேனில் ஊறவைத்து வெந்நீரில் கரைத்துக் கொண்டுவந்தார். தொண்டைக்கு நல்லதாம். பழத்தின் பெயர் தெரியவில்லை, பேரிக்காய் மாதிரி ஒன்று. துவர்ப்பும் இனிப்புமாக இருந்தது. நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார்.

"இவங்களுக்குக் குரல் கேக்கணும்னு ஆசை. என்கிட்ட பழைய எபிசோட் இருக்கு. போடவாம்மா?" என்று திலீபன் கேட்டான்.

கைபேசியைச் சர்க்கரை ஜாடியில் சாய்த்து வைத்தான். டிவியிலிருந்து யாரோ பதிவு செய்தது, மங்கலான படம். டோமு படிக்கட்டில் ஓடுகிறான், தடுக்கி விழுகிறான், எழுந்து ஓடுகிறான். என் மூச்சு. என் இரைப்பு. அந்தக் காட்சிக்கு ஏழு டேக் ஆனது. பேசி முடித்ததும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மேலே போய் நின்று கத்துகிறான். "அம்மா!"

நிஷியாமா அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

முதல் முறையாக நான் டோமுவின் வாயிலிருந்து கண்ணை எடுத்தேன். பின்னால் பார்த்தேன். கடல் இருந்தது. தீவுகள் இருந்தன. ஒரு மூலையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சந்தில் ஒரு பெண் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். இவ்வளவையும் வரைந்திருக்கிறார்கள்.

"சின்ன வயசுல நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" திலீபன் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ வேலைக்கு இந்த ஊருக்குத்தான் போறன்னு நெனச்சேன். நாலரைக்கு டிவியப் போட்டா உன் குரல் வரும். அப்ப நீ அங்கதான இருக்கணும்? பையன் வெளிய தெரியறான், நீ எங்கயோ ஓரமா நிக்கிற. அதனால நான் டோமுவப் பாக்கவே மாட்டேன். பின்னாடிதான் பாப்பேன். சந்துல, ஜன்னல்ல, கடையில. உன் சேல தெரியுதான்னு."

அதனால்தான் அவனுக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

'ஜன்னலே இல்லாத அறைடா அது' என்று எழுதினேன்.

"இப்ப தெரியும்மா. அப்ப எனக்கு ஆறு வயசு."

'நீ இதை என்னிடம் சொன்னதே இல்லை.'

"எப்ப சொல்றது?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் கையை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டான்.

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை. ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன். கிளம்பும்போது கடை நோட்டில் எழுதச் சொன்னார்கள். 'வருவதற்கு நேரமாகிவிட்டது. மன்னிக்கவும். சாருமதி, டோமுவின் தமிழ்க் குரல்' என்று எழுதினேன். திலீபன் அதன் கீழே ஜப்பானிய மொழியில் எழுதினான். நிஷியாமா அம்மா படித்துவிட்டு, அந்தப் பக்கத்துக்குத் தேதி முத்திரை வைத்தார்.

நவம்பர் 14

மீதி இருபது இடங்களையும் பார்த்தோம். திலீபன் நாள் முழுக்கப் பேசினான். ஸ்கூலில் நடந்தது, காலேஜில் நடந்தது, இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் தனியாக ஜுரத்தோடு கிடந்தது. ஒரு பெண்ணைப் பற்றியும் சொன்னான். பெயர் சயூரி. அது ஒத்துவராமல் போய்விட்டதாம். ஒரு வருடம் ஆகிறதாம். நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். கால் வலி.

நவம்பர் 19, சாலிகிராமம்

அவனும் கூட வந்துவிட்டான். அலுவலகத்தில் மூன்று வாரம் லீவு. நான் தடுத்தேன். அட்டையைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

நவம்பர் 21

மாசிலாமணிக்குப் பதில் அனுப்பினேன். 'டோமுவுக்கு வேறு ஆள் பாருங்கள்.'

நவம்பர் 27

ஆஸ்பத்திரிப் பை தயார். நைட்டி இரண்டு, துண்டு, பழைய ரிப்போர்ட்டுகள். டாக்டர் இன்று உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். பேச்சு வரும், எந்தக் குரலில் வரும் என்று சொல்ல முடியாது என்றார். பரிசோதனை முடிவு எப்படியும் ஒரு வாரம் ஆகும்.

சாயங்காலம் திலீபன் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டான். "பத்து வார்த்தை இருக்குல்ல உனக்கு, இன்னிக்கு? எதாவது சொல்லணும்னா சொல்லு. டோமு வேணாம். உன் குரல்ல."

மலையில் கத்தியபின் இந்த இரண்டு வாரமும் ஒரு வார்த்தைகூடச் செலவழிக்கவில்லை. கரகரப்பாக வந்தது.

"கேஸ மூடுனியா?"

சிரித்துவிட்டான். மூடிவிட்டேன் என்று அடுப்பின் குமிழைத் தொட்டுக் காட்டினான். மீதி எட்டு வார்த்தை இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 28

அம்மா எழுதச் சொன்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ஒண்ணரை மணி நேரம். முழிச்சதும் கையால பேனா கேட்டாங்க, நடுங்குச்சு, அதனால நான் எழுதறேன். பாக்க நல்லாதான் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. வலிக்குதான்னு கேட்டேன், இல்லன்னு தலையாட்டுனாங்க. வலிக்குது, எனக்குத் தெரியும். திலீபன்.

டிசம்பர் 6

பயப்படும்படி ஒன்றும் இல்லை. வெறும் சதைதான். ரிப்போர்ட்டைத் திலீபன் வாசலிலேயே பிரித்துப் படித்தான். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். வீட்டைக் கூட்டி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 9

இன்று ஒசாகாவுக்குத் திரும்பிப் போனான். வாசலில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். அவன் தலையணை உறையைத் துவைக்கவில்லை. நாளை துவைக்க வேண்டும்.

டிசம்பர் 12

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பேசலாம். அவர் அறையிலேயே ஒன்று, இரண்டு, மூன்று சொல்லச் சொன்னார். சொன்னேன். யாரோ பின்னால் நின்று பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். தடித்த, தாழ்ந்த குரல். இனி மேலே ஏறாது என்றார். தெரியும் என்றேன்.

பழைய எபிசோட் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். போடவில்லை. மாசிலாமணிக்கு மட்டும் போன் செய்தேன். அரை நிமிடம். "யாருங்க?" என்றார். பிறகு, "அக்கா, இந்தக் குரலுக்கும் ஆள் வேணும்க்கா. துறைமுக அதிகாரி, போலீஸ்காரம்மான்னு நெறைய வருது. உடம்பு தேறட்டும்" என்றார். பார்க்கலாம்.

டிசம்பர் 13

இன்றைய ஐந்து நிமிடத்தை அவனுக்கென்று வைத்திருந்தேன். காலையிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. பால்காரரிடம்கூட விரல்தான். மூன்று மணிக்கு, அங்கே ஆறரை, அவன் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரம், ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"திலீபா."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"ஜலதோஷம் புடிச்ச கண்டக்டர் மாதிரி இருக்கம்மா" என்றான். அவன் குரலும் சரியில்லை.

"சாப்டியா?"

"சாம்பார் வெச்சேன். புளி ஜாஸ்தி. பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டி என்ன வாசனைன்னு கேட்டாரு."

"பெருங்காயம் எவ்ளோ போட்ட?"

"ஒரு ஸ்பூன்."

"ஒரு ஸ்பூனா! ஊரையே காலி பண்ண வெப்ப போலருக்கே. ஒரு சிட்டிகடா. சரி, மேலதிகாரி என்ன சொன்னாரு, அவ்ளோ நாள் லீவு போட்டதுக்கு?"

சொன்னான். நீளமாகச் சொன்னான். நடுவில் நிறுத்தி, "நீ கேக்கற, இல்ல?" என்றான். "கேக்கறேன், சொல்லு" என்றேன். அந்த சயூரியிடமிருந்து ஒரு செய்தி வந்ததாம், பதில் போடலாமா வேண்டாமா என்று தெரியவில்லையாம். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். அலாரம் அடித்தது.

"அஞ்சு நிமிஷம் ஆயிருச்சும்மா. வெச்சுடு. டாக்டர் திட்டுவாங்க."

அலாரத்தை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

"அவ என்ன எழுதியிருக்கா, முழுசா படிச்சுக் காட்டு" என்றேன்.